போர்விமானத் தளத்தின் அருகே ஒரு வீடு: லேக்கன்ஹீத், மார்ஹம், கோனிங்ஸ்பி ஆகிய மூன்றில் எதைத் தேர்வது?

கிழக்கு இங்கிலாந்தின் மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்து, நகரத்து வாடகை கட்டுப்படியாகாமல் சுற்றுவட்டாரக் கிராமங்களில் வீடு தேடும் நம்மவர்களின் கண்ணில் ஏதோ ஒரு கட்டத்தில் இப்படியொரு விளம்பரம் பட்டுவிடும். மூன்று படுக்கையறைகள், பின்புறம் தோட்டம், வாசலில் கார் நிறுத்த இடம், விலையும் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. வரைபடத்தைத் திறந்து பார்த்தால், வீட்டிலிருந்து இரண்டு மைல் தள்ளி வயல்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் நீண்ட ஒரு கோடு தெரியும். அது போர்விமானத் தளத்தின் ஓடுபாதை. அத்தோடு அந்த வீட்டை ஒதுக்கிவிடுகிறவர்களும் உண்டு; விலையை மட்டும் பார்த்து முன்பணம் கட்டிவிடுகிறவர்களும் உண்டு. இரண்டுமே அவசர முடிவுகள். எல்லா விமானத் தளங்களும் ஒன்றல்ல. ஒரே தளத்தைச் சுற்றியுள்ள எல்லாத் தெருக்களும் ஒன்றல்ல.

நார்ஃபோக், சஃபோக், லிங்கன்ஷயர் பகுதிகளில் நிலம் சமதளமாக இருந்ததாலும், கடலைத் தாண்டினால் ஐரோப்பிய நிலப்பரப்பு அருகில் என்பதாலும், இரண்டாம் உலகப் போரின்போது இங்கே வயல்களைக் கையகப்படுத்தி வரிசையாக ஓடுபாதைகள் போட்டார்கள். போர் முடிந்தபின் அவற்றில் பல மீண்டும் விளைநிலங்களாகவும் கோழிப் பண்ணைகளாகவும் மாறிவிட்டன. இன்றும் போர்விமானங்கள் அன்றாடம் பறக்கும் தளங்கள் மிகச் சிலவே. அவற்றுள் சஃபோக்கின் லேக்கன்ஹீத், நார்ஃபோக்கின் மார்ஹம், லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பி ஆகிய மூன்றை மட்டும் இங்கே ஒப்பிடுகிறேன். மூன்றுமே மருத்துவமனை உள்ள ஒரு நகரத்திலிருந்து தினமும் காரில் போய்வரக்கூடிய தொலைவில் இருப்பவை.

முதலில் இரைச்சலைப் பற்றிப் பேசிவிட வேண்டும். வீடு தேடுகிறவர்கள் பெரும்பாலும் தளத்திலிருந்து எத்தனை மைல் என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் தொலைவைவிடத் திசையே முக்கியம். விமானங்கள் காற்றை எதிர்த்தே கிளம்பும், காற்றை எதிர்த்தே இறங்கும். இங்கிலாந்தில் ஆண்டின் பெரும்பகுதி தென்மேற்கிலிருந்து காற்று வீசுகிறது. இந்த மூன்று தளங்களின் முதன்மை ஓடுபாதைகளும் ஏறத்தாழத் தென்மேற்கு வடகிழக்காகவே கிடக்கின்றன. ஆகவே பெரும்பாலான நாட்களில் தென்மேற்கு முனைக்கு அப்பால் இருப்பவர்களின் தலைக்கு மேலே விமானம் முழு வேகத்தில் எழும்பிப் போகும். வடகிழக்கில் இருப்பவர்களின் கூரைக்கு மேலே தாழ்வாக இறங்கி வரும். ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் இருக்கும் வீட்டுக்குக் கிளம்பும் உறுமல் கேட்குமே தவிர, விமானம் நேர் மேலே வராது. இதனால், தளத்தின் பெயரையே தாங்கியிருக்கும் ஊரைவிட, ஓடுபாதையின் நேர்க்கோட்டில் மூன்று மைல் தள்ளியிருக்கும் பெயர் தெரியாத குக்கிராமத்துக்கு அதிக இரைச்சல் போய்ச் சேரலாம். நல்லவேளையாக, இந்த மூன்று பழைய ஊர்களும் தத்தம் ஓடுபாதைக்குப் பக்கவாட்டில்தான் இருக்கின்றன. லேக்கன்ஹீத் மட்டும் வடக்கு தெற்காக நீண்ட ஊர் என்பதால், அதன் தெற்குக் கோடி ஓடுபாதையின் நேர்க்கோட்டை நெருங்குகிறது. அங்கே ஒரே ஊருக்குள் வடகோடி வீட்டுக்கும் தென்கோடி வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காதே சொல்லிவிடும்.

இன்னொன்றும் உண்டு. வழக்கமான பயிற்சிப் பறப்பு திங்கள் முதல் வெள்ளி வரைதான். வீட்டு முகவர்கள் வீடு காட்டுவதோ பெரும்பாலும் சனிக்கிழமைகளில். அன்று தோட்டத்தில் நின்றால் புறாவின் குரலும் தூரத்து டிராக்டரும் மட்டுமே கேட்கும். வார நாளில் முற்பகல் பத்து மணி வாக்கில் அதே தோட்டத்தில் நின்று பாருங்கள். தரையிலிருந்து கிளம்புவதுபோல ஓர் உறுமல் தொடங்கி, சமையலறை ஜன்னல் கண்ணாடி சட்டத்துக்குள் மெல்ல அதிர, தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பவர் பேச்சை நிறுத்திக் காத்திருந்துவிட்டுத் தொடர வேண்டியிருக்கும். சற்று இடைவெளி விட்டு இரண்டாவது விமானம் வரும், ஏனெனில் இவை தனியாகக் கிளம்புவது அரிது. இரவுப் பயிற்சிக்கும் ஒரு கணக்கு உண்டு. அதற்கு இருட்டு வேண்டும். குளிர்காலத்தில் மாலையிலேயே இருட்டிவிடுவதால் பயிற்சியும் சீக்கிரம் முடிந்துவிடும். கோடையிலோ ஒன்பது மணிக்கு மேல்தான் வெளிச்சம் அடங்கும். குழந்தைகள் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கும் அந்த மாதங்களில்தான் இரவுப் பறப்பு நள்ளிரவை நெருங்கும்.

இனி ஊர்களுக்கு வருவோம். லேக்கன்ஹீத் தளத்தின் பெயர்ப் பலகையில் ராயல் ஏர் ஃபோர்ஸ் (பிரிட்டிஷ் விமானப்படை) என்றுதான் எழுதியிருக்கும், ஆனால் உள்ளே இருப்பது அமெரிக்க விமானப்படை. அதன் 48ஆவது போர்விமானப் பிரிவு 1960இல் பிரான்சிலிருந்து இங்கே இடம் மாறி, அன்று முதல் இங்கேயே இருக்கிறது. எஃப்-15இ விமானங்களோடு 2021 டிசம்பர் முதல் எஃப்-35ஏ விமானங்களும் சேர்ந்துகொண்டன. சில மைல் தள்ளியுள்ள மில்டன்ஹாலிலும் அமெரிக்கர்களே. அங்கே வானில் எரிபொருள் நிரப்பும் கே.சி-135 விமானங்கள் இருக்கின்றன. ஆகவே லேக்கன்ஹீத்தில் வீடு வாங்குகிறவர் ஒரு தளத்துக்கு அல்ல, இரண்டு தளங்களுக்கு நடுவே குடியேறுகிறார்.

இந்த ஊரின் வீட்டுச் சந்தையை அமெரிக்கர்களை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது. தளத்துக்கு வெளியே தங்கும் அமெரிக்கப் படைவீரர்களுக்கு வாடகைப் படி உண்டு. அந்தப் படியைக் கணக்கில் வைத்தே உள்ளூர் உரிமையாளர்கள் வாடகையை நிர்ணயிக்கிறார்கள். போதாததற்கு, வெளிநாட்டுப் படையினர் குடியிருக்கும் வீட்டுக்குக் கவுன்சில் வரி விலக்கும் இருக்கிறது. சொந்தச் சம்பளத்தில் வாடகை கொடுக்கும் ஒரு செவிலியரோ இளம் மருத்துவரோ இந்தப் போட்டியில் பின்தங்கிவிடுவது இயல்பு. மறுபுறம், இங்கே வீடு வாங்கிவிட்டு இரண்டு ஆண்டுகளில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போக நேர்ந்தால் குடித்தனக்காரர் கிடைப்பதில் சிரமம் இருக்காது. அந்தச் சாதகத்தையும் முழுமையாக நம்பிவிடக் கூடாது. 2015 ஜனவரியில் மில்டன்ஹால் தளத்தைக் காலிசெய்யப்போவதாக அமெரிக்கா அறிவித்தது. 2020இல் அந்த முடிவைக் கைவிட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் சுற்றுவட்டாரக் கடைக்காரர்களும் வீட்டு உரிமையாளர்களும் வாஷிங்டனிலிருந்து வரும் செய்திக்காகக் காத்திருந்தார்கள். உள்ளூர்க் கவுன்சிலோ நாடாளுமன்ற உறுப்பினரோ அதில் செய்யக்கூடியது அதிகம் இருக்கவில்லை.

ஆனாலும் லேக்கன்ஹீத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஏ11 நெடுஞ்சாலையின் பார்ட்டன் மில்ஸ் முதல் தெட்ஃபோர்டு வரையிலான பகுதி 2014இல் இரட்டைச் சாலையான பிறகு கேம்பிரிட்ஜ் போய்வருவது எளிதாகிவிட்டது. பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மருத்துவமனையும் அன்றாடம் காரில் போகக்கூடிய தொலைவில்தான் இருக்கிறது. ஊரின் பெயரில் ஒரு ரயில் நிலையம் உண்டு, ஆனால் அது ஊரிலிருந்து சில மைல் தள்ளி இருக்கிறது, ரயில்கள் நிற்பதும் அபூர்வம். அதை நம்பி வீடு வாங்க வேண்டாம். புனித மேரி தேவாலயத்தின் சுவர்களில் இடைக்கால ஓவியங்கள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. ஊருக்கு வடக்கே, முன்பு கேரட் விளைந்த நிலத்தை 1990களின் நடுவில் வாங்கி நாணல் சதுப்பாக மாற்றியது பறவைப் பாதுகாப்புச் சங்கம். சுமார் நானூறு ஆண்டுகளாக அந்தப் பகுதியில் கூடு கட்டாதிருந்த கிரேன் எனப்படும் பெருங்கொக்குகள் 2007இல் அங்கே திரும்பி வந்து கூடு கட்டின. விமான இரைச்சலுக்கு இவ்வளவு அருகில் இப்படியோர் இடம் இருப்பது, அங்கே குடியிருப்பவர்களுக்கு உண்மையிலேயே பெரிய ஆறுதல்.

லேக்கன்ஹீத்தைப் பற்றிப் பேசும்போது அணு ஆயுதத்தை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. 1956 ஜூலை 27 அன்று அமெரிக்க பி-47 குண்டுவீச்சு விமானம் ஒன்று இங்கே ஓடுபாதையிலிருந்து விலகி, அணுகுண்டுகள் வைக்கப்பட்டிருந்த கிடங்கின்மேல் மோதித் தீப்பிடித்தது. விமானத்திலிருந்த நால்வரும் இறந்தார்கள், குண்டுகள் வெடிக்கவில்லை. பின்னாளில் அமெரிக்க அணு ஆயுதங்கள் இங்கிருந்து அகற்றப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அண்மை ஆண்டுகளில் அவை திரும்பி வருவதை எதிர்த்துத் தளத்தின் வாயிலில் போராட்டங்கள் நடக்கின்றன. இதைப் பற்றி அரசு எதையும் உறுதிசெய்வதும் இல்லை, மறுப்பதும் இல்லை. இது வீட்டின் விலைப்பட்டியலில் வராத ஒரு விஷயம், ஆனால் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். எனக்குத் தெரிந்தவரை, இதைப் பேசாமல் குடியேறியவர்கள்தான் பின்னாளில் அதிகம் வருந்துகிறார்கள்.

மார்ஹம் இதற்கு நேர்மாறான ஊர். தளம் 1916இலேயே தொடங்கிவிட்டது, ஆனால் ஊர் இன்றும் சிறியதுதான். பழைய கிராமம் ஒரே தெருவைப் பற்றிக்கொண்டு நீள்கிறது; தளத்தை ஒட்டி அப்பர் மார்ஹம் என்ற பெயரில் படைக்குடும்பங்களின் குடியிருப்பு தனியே இருக்கிறது. கடைத்தெரு வேண்டுமென்றால் ஸ்வாஃபாமுக்கோ டவுன்ஹாம் மார்க்கெட்டுக்கோ போக வேண்டும். டவுன்ஹாம் மார்க்கெட்டிலிருந்து கேம்பிரிட்ஜ் வழியாக லண்டன் கிங்ஸ் கிராஸ் வரை நேரடி ரயில் உண்டு. மூன்று ஊர்களில் இந்த வசதி இதற்கு மட்டுமே வாய்த்திருக்கிறது. கிங்ஸ் லின் நகரின் குயின் எலிசபெத் மருத்துவமனையும் அருகில்தான். வலுவிழந்த இலகு கான்கிரீட் கூரையைத் தாங்க ஆயிரக்கணக்கான முட்டுகள் கொடுத்து நடந்துவரும் அந்த மருத்துவமனை, அரசின் புதுக் கட்டுமானத் திட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. எனவே அங்கே வேலை பார்க்கிறவர்கள் ஊரின் எதிர்காலத்தை எண்ணிக் கவலைப்பட வேண்டியதில்லை.

விமானங்களைப் பொறுத்தவரை மார்ஹம் மாறிக்கொண்டிருக்கும் தளம். 2018 ஜூனில் பிரிட்டனின் முதல் எஃப்-35பி விமானங்கள் இங்கே வந்து இறங்கின. பல்லாண்டுகளாக இங்கிருந்து பறந்த டொர்னாடோ போர்விமானங்கள் 2019 மார்ச்சில் ஓய்வுபெற்றன. எஃப்-35பி செங்குத்தாகவும் இறங்கக்கூடியது. அப்படி இறங்கும்போது அது ஓரிடத்தில் நின்று தணிவதால், வழக்கமான தரையிறக்கத்தைப்போல ஓசை சட்டென்று கடந்து போவதில்லை. 2025 ஜூனில் மேலும் 12 எஃப்-35ஏ விமானங்களை வாங்கி மார்ஹமில் நிறுத்தப்போவதாகவும், அவை நேட்டோவின் அணு ஆயுதப் பணியில் பங்கேற்கும் என்றும் பிரிட்டன் அறிவித்தது. லேக்கன்ஹீத்தில் வாசலில் நிற்கும் அந்தக் கேள்வி இனி மார்ஹமுக்கும் உரியதாகிவிட்டது. இன்றைய இரைச்சலை அளந்து வீடு வாங்கினாலும், நாளைய இரைச்சல் என்னவென்று இங்கே யாராலும் உறுதி கூற முடியாது. என் மதிப்பீட்டில் மார்ஹமின் பெரிய குறை இதுதான்.

தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். விமானத் தளங்களில் பல்லாண்டுகளாகப் பயன்படுத்திய தீயணைப்பு நுரையில் பிஃபாஸ் எனப்படும் எளிதில் சிதையாத வேதிப்பொருள்கள் இருந்தன. அவை தளத்திலிருந்து மண்ணிலும் நீரிலும் பரவியுள்ளனவா என்று பாதுகாப்பு அமைச்சும் சுற்றுச்சூழல் முகமையும் ஆராயும் இடங்களில் மார்ஹமும் ஒன்று. குழாய் நீர் இணைப்பு உள்ள வீட்டுக்கு நீர் நிறுவனமே பரிசோதனை செய்கிறது. சொந்த ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் பண்ணை வீடாக இருந்தால், வாங்கும் முன்பே நீரைச் சோதிப்பது வாங்குகிறவரின் பொறுப்பு.

மூன்றாவது கோனிங்ஸ்பி. இதைக் கிராமம் என்றும் சொல்லலாம், சிறுநகரம் என்றும் சொல்லலாம். பெயின் ஆற்றங்கரையில் பக்கத்து ஊரான டாட்டர்ஷலோடு ஏறத்தாழ ஒட்டியே வளர்ந்திருக்கிறது. தேவாலயக் கோபுரத்தின் பிரம்மாண்டமான கடிகாரத்துக்கு ஒரே ஒரு முள்தான், மணி முள் மட்டும். ஐந்து நிமிடம் முன்பின் ஆனால் பாதகமில்லை என்றிருந்த காலத்துக் கடிகாரம் அது. டாட்டர்ஷலில் பதினைந்தாம் நூற்றாண்டில் செங்கல்லால் எழுப்பிய கோட்டை நிற்கிறது. இந்தியாவில் வைஸ்ராயாக இருந்த கர்சன் பிரபு 1911இல் அதை விலைக்கு வாங்கி அழிவிலிருந்து காப்பாற்றினார். தளம் 1940இல் வந்தது. ஊர் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது. தளம் நாளை மூடப்பட்டாலும் கோனிங்ஸ்பி ஓர் ஊராகவே இருக்கும் என்று சொல்ல முடிகிறது. மார்ஹமைப் பற்றி அதே உறுதியோடு சொல்ல எனக்குத் தயக்கம்.

இங்கே பறப்பவை டைஃபூன் விமானங்கள். 2007 முதல் நாட்டின் தென்பகுதி வான்காவல் இந்தத் தளத்தின் பொறுப்பு. அடையாளம் தெரியாத விமானம் எதுவும் நெருங்கினால், தொடர்பு அறுந்த பயணிகள் விமானம் எதுவும் நாட்டுக்குள் வந்தால், சில நிமிடங்களில் இங்கிருந்து இரண்டு டைஃபூன்கள் கிளம்ப வேண்டும். அதற்கு இரவு பகல், பண்டிகை, ஞாயிறு என்ற வேறுபாடு கிடையாது. 2023 ஜூனில் ஒரு பயணிகள் விமானத்தைத் தேடிப் போனபோது ஒலிவேகத்தைத் தாண்டியதால், பல மைல்களுக்கு அப்பால் உள்ள லெஸ்டர் வரை வெடிச்சத்தம் கேட்டது. மற்ற இரண்டு ஊர்களிலும் வார இறுதியின் அமைதியை ஓரளவு நம்பலாம். கோனிங்ஸ்பியில் அந்த உத்தரவாதம் இல்லை. தூக்கம் எளிதில் கலைகிறவர்களும், கைக்குழந்தை உள்ளவர்களும், இரவுப்பணி முடித்துப் பகலில் தூங்க வேண்டிய மருத்துவமனை ஊழியர்களும் இதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே வேளையில், தளத்தின் மேல் ஊருக்குள்ள பற்று மற்ற இரண்டையும்விட இங்கே தெளிவாகத் தெரிகிறது. பழைய போர்க்கால விமானங்களை இன்றும் பறக்கவைக்கும் நினைவுப் பிரிவு 1976 முதல் இங்கேதான் இருக்கிறது. உலகில் பறக்கும் நிலையிலுள்ள இரண்டே லங்காஸ்டர் விமானங்களில் ஒன்று அதன் கொட்டகையில் நிற்கிறது, மற்றொன்று கனடாவில். 2024 மே மாதம் அந்தப் பிரிவின் ஸ்பிட்ஃபயர் விமானம் ஒன்று தளத்துக்கு அருகே வயலில் விழுந்து விமானி இறந்தபோது, துக்கம் தளத்தின் வேலிக்குள் மட்டும் நிற்கவில்லை. ஜெர்மானிய அணைகளைத் தகர்த்த 617ஆவது படைப்பிரிவு போர்க்காலத்தில் சில மாதங்கள் இங்கிருந்தும் பறந்திருக்கிறது. இன்று அது மார்ஹமில் எஃப்-35பி ஓட்டுகிறது. கோனிங்ஸ்பியின் பெருங்குறை போக்குவரத்து. ரயில் பாதை 1970இல் மூடப்பட்டுவிட்டது. பாஸ்டன் நகரின் பில்கிரிம் மருத்துவமனைக்கோ லிங்கனுக்கோ போக வயல்களுக்கு நடுவே வளைந்து செல்லும் ஒற்றைச் சாலைகள்தான். அறுவடைக் காலத்தில் டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டும். விமான நிலையமும் பெருநகரமும் தொலைவு.

பள்ளிகளைப் பொறுத்தவரை பலரும் கவனிக்காத ஒரு வேறுபாடு இருக்கிறது. அமெரிக்கப் படையினரின் குழந்தைகள் பெரும்பாலும் அமெரிக்க அரசு நடத்தும் பள்ளிகளுக்கே போகிறார்கள். எனவே லேக்கன்ஹீத்தின் உள்ளூர்ப் பள்ளியைத் தளம் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. மார்ஹமிலும் கோனிங்ஸ்பியிலும் பிரிட்டிஷ் படைக்குடும்பங்களின் குழந்தைகள் ஊர்ப் பள்ளிக்கே வருகிறார்கள். பெற்றோருக்கு மாற்றல் வந்தால் நடு ஆண்டிலேயே வகுப்பை விட்டுப் போவார்கள், புதியவர்கள் வந்து சேர்வார்கள். இத்தகைய மாணவர்களுக்காக 2011 முதல் அரசு பள்ளிகளுக்குத் தனி நிதி தருகிறது. ஆசிரியர்களும் புதிய குழந்தையை வகுப்பில் சேர்த்துக்கொள்வதில் பழகியவர்கள். வேறு நாட்டிலிருந்து வந்து, மொழி தடுமாறும் ஒரு குழந்தைக்கு இது மிக நல்ல சூழல், ஏனெனில் அங்கே புதிதாக வந்தவன் என்று தனித்து நிற்க வேண்டியதில்லை. நெருங்கிய தோழி பாதி ஆண்டில் வேறு ஊருக்குப் போய்விடுவதைத் தாங்குவதும் அந்தக் குழந்தை கற்க வேண்டிய பாடமாகிவிடுகிறது.

இரைச்சல் தாங்கவில்லையென்றால் இழப்பீடு கேட்கலாமே என்று சிலர் சொல்வார்கள். விட்டரிங் விமானத் தளத்தின் அருகிலிருந்த வால்காட் ஹால் மாளிகையின் உரிமையாளர்களுக்கு ஹாரியர் விமானங்களின் இரைச்சலுக்காக 2003இல் உயர் நீதிமன்றம் 9,50,000 பவுண்டு வழங்கியது உண்மைதான். ஆனால் நாட்டின் பாதுகாப்புக் கருதிப் பறப்பதை நிறுத்தச் சொல்ல நீதிமன்றம் மறுத்துவிட்டது. பெரும் எஸ்டேட்டின் மதிப்பு விழுந்ததால்தான் தொகையும் பெரிதாக இருந்தது. மூன்று படுக்கையறை வீட்டை இரைச்சல் தெரிந்தே வாங்குகிறவர் அந்தத் தீர்ப்பை நம்பி நிம்மதியடைய முடியாது. பாதுகாப்பு அமைச்சு இரைச்சல் அளவு வரைபடங்கள் தயாரித்து, குறிப்பிட்ட எல்லைக்குள் வரும் வீடுகளுக்கு ஒலித்தடுப்பு ஜன்னல் போன்றவற்றுக்கு உதவுகிறது. அந்த எல்லைக்குள் நீங்கள் பார்க்கும் வீடு வருகிறதா, முந்தைய உரிமையாளர் உதவி பெற்றாரா என்பதை வழக்கறிஞர் மூலம் எழுத்தில் கேட்டு வாங்குவது அவசியம்.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கையில், சொந்தமாக வாங்கி வேரூன்ற நினைப்பவர்களுக்கு என் முதல் தேர்வு கோனிங்ஸ்பிதான். டைஃபூன்கள் 2040 வரையாவது சேவையில் இருக்கும் என்று அரசு சொல்லியிருப்பதால் இன்றைய நிலை நாளையும் தொடரும் என்று எதிர்பார்க்கலாம், ஊருக்கும் சொந்தக் காலில் நிற்கும் வலு இருக்கிறது. ஆனால் வேலை பாஸ்டனிலோ லிங்கனிலோ இருந்தால் மட்டுமே இது பொருந்தும். கேம்பிரிட்ஜிலோ பரி செயின்ட் எட்மண்ட்ஸிலோ வேலை என்றால் லேக்கன்ஹீத்தின் வடபகுதியில் முதல் ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். வாடகை கூடுதலாக இருந்தாலும், ஒரு கோடையின் இரவுப் பறப்பைக் கேட்டுவிட்டுப் பின்பு வாங்குவது மலிவான பாடம். கிங்ஸ் லின் மருத்துவமனைக்காரர்கள் மார்ஹமை இப்போதைக்கு விட்டுவிட்டு, ரயிலும் கடைத்தெருவும் உள்ள டவுன்ஹாம் மார்க்கெட்டைப் பார்ப்பது நல்லது. புதிய விமானங்கள் வந்து பறப்பு முறை நிலைபெற்ற பின்னரும் மார்ஹமில் வீடுகள் விற்பனைக்கு வரத்தான் செய்யும்.

எந்த ஊரானாலும், முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு வார நாள் முற்பகலிலும் ஒரு வார நாள் இரவிலும் அந்தத் தெருவுக்குப் போய் நில்லுங்கள். அன்று காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கிழக்குக் காற்று வீசும் நாளாக இருந்தால் விமானங்கள் எதிர்த்திசையில் கிளம்பும். அன்று நீங்கள் கேட்பது அந்த வீட்டின் வழக்கமான இரைச்சல் அல்ல, எனவே தென்மேற்குக் காற்று வீசும் இன்னொரு நாளில் மறுபடியும் போக வேண்டும்.